வேகா தெரியும்வரை கதவு திறந்திருந்தால்

ஜூலை முதல் வாரம் போர்ட்லண்ட் ஜப்பானியத் தோட்டத்துக்குப் போனால் மூங்கில் கொப்புகளில் வண்ண வண்ணக் காகிதச் சீட்டுகள் தொங்கும். மனசில் இருக்கும் ஆசையை எழுதிக் கட்டிவிட்டு வர வேண்டும். சீட்டுக்குத் தான்சாக்கு என்று பெயர், விழாவுக்குத் தனபத்தா. என் மகள் ஊதா நிறச் சீட்டு ஒன்றில் ஏதோ எழுதி, என்னைப் பார்க்கவிடாமல் கட்டினாள். பிறகு நிமிர்ந்து வானத்தைப் பார்த்தாள்.

"அப்பா, நட்சத்திரத் திருவிழான்னுதானே சொன்னீங்க? நட்சத்திரம் எங்க?"

மணி பிற்பகல் மூன்று. வெயில் சுள்ளென்று அடித்துக்கொண்டிருந்தது. சிரித்துச் சமாளித்துவிட்டேன். ஆனால் கேள்வி போகவில்லை, வீடு வரைக்கும் வந்தது. இந்தக் குறிப்பு அதிலிருந்து கிளம்பியதுதான்.

கதை தெரியாதவர்களுக்குச் சுருக்கமாக. ஓரிஹிமே என்பவள் வானத்து நெசவுக்காரி. ஹிகோபோஷி மாடு மேய்ப்பவன். காதலில் இருவரும் வேலையை மறந்துபோக, அவள் அப்பா கோபத்தில் இருவரையும் பால்வீதியின் இரண்டு கரைகளில் பிரித்து வைத்துவிடுகிறார். வருஷத்துக்கு ஒரே ஒரு இரவு, ஏழாம் மாதம் ஏழாம் நாள், சந்திக்கலாம். சீனாவிலிருந்து ஜப்பானுக்குப் போன கதை இது. அவள் வேகா, அவன் ஆல்டேர். ஆல்டேர்தான் நம்ம பஞ்சாங்கத்தின் திருவோணம். வேகா, இருபத்தேழோடு சேர்த்து இருபத்தெட்டாவதாக ஒரு காலத்தில் எண்ணப்பட்ட அபிஜித். ஆக, யாருக்கும் அந்நியமான நட்சத்திரங்கள் இல்லை. போர்ட்லண்ட் வானத்திலும் கோடை முழுக்கத் தெரிபவைதான்.

ஆனால் எப்போது தெரியும்? ஜூலை 7 அன்று போர்ட்லண்டில் சூரியன் மறைவதே இரவு ஒன்பது மணிக்கு. வேகா பளிச்சென்று தெரியக் கிட்டத்தட்ட பத்து ஆகும். வழக்கமான நாட்களில் தோட்டத்தின் கதவு அதற்கு வெகு முன்பே மூடிவிடும். நட்சத்திரங்களின் விழா, நட்சத்திரங்கள் வருவதற்குள் முடிந்துபோகிறது.

இதெல்லாம் ஒரு குறையா என்று கேட்கலாம். வேறு எந்தப் பூங்காவாக இருந்தாலும் நானும் விட்டிருப்பேன். ஆனால் இந்தத் தோட்டத்தின் பெருமையே அதன் நுணுக்கம். அமெரிக்காவுக்கான ஜப்பானின் முன்னாள் தூதர் நோபுவோ மத்சுனாகா இதைப் பார்த்துவிட்டு, ஜப்பானுக்கு வெளியே உள்ள தோட்டங்களில் மிக அழகானது, மிக அசலானது என்ற பொருளில் பாராட்டியதை இன்றுவரை எடுத்துச் சொல்கிறார்கள். 'அசல்' என்று ஒரு இடம் சொல்லிக்கொண்டால், எதில் அசல் என்று கேட்கிற உரிமை நுழைவுச்சீட்டு வாங்கினவனுக்கு உண்டு.

கல்லில் அசல், மரத்தில் அசல். அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. போர்ட்லண்டும் சப்போரோவும் 1959இல் சகோதர நகரங்களாயின. அதே காலத்தில் நகரத்து மிருகக்காட்சிசாலை இடம் மாறிப்போக, வாஷிங்டன் பூங்காவின் மேட்டில் அந்தப் பழைய இடம் காலியாகக் கிடந்தது. தோக்கியோ வேளாண் பல்கலைக்கழகப் பேராசிரியர் தக்குமா தோனோ 1963இல் அங்கே தோட்டத்தை வடிவமைத்தார், 1967இல் மக்களுக்குத் திறந்தார்கள். உள்ளே இருக்கும் தேநீர் வீடு ஜப்பானில் செய்து, பிரித்து, கடல் தாண்டிக் கொண்டுவந்து 1968இல் பூட்டியது. 2017இல் கட்டடக் கலைஞர் கெங்கோ குமா வடிவமைத்த புதுப் பகுதி சேர்ந்தது. அதன் ஒரு ஓரத்தில் ஜப்பானியக் கோட்டைகளில் இருப்பது போன்ற கற்சுவர் ஒன்று நிற்கிறது. பதினைந்து தலைமுறையாக இந்த வேலையைச் செய்யும் குடும்பத்தைச் சேர்ந்த சுமினோரி அவாத்தா, சாந்து எதுவும் வைக்காமல் கல்லோடு கல்லைப் பொருத்திக் கட்டியது. நான் முதல் தடவை போனபோது சுவரைப் பார்த்தே அரைமணி நேரம் போனது. ஒரு பேப்பர் நுழையாத இணைப்பும் உண்டு, கை நுழைகிற இடைவெளியும் உண்டு. இரண்டும் யோசித்து வைத்தவை.

இந்தச் சுவரை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், திரும்ப வருவேன்.

கல்லையும் மரத்தையும் கப்பலில் ஏற்றலாம். பருவத்தை ஏற்ற முடியாது. தோட்டத்தின் ஆண்டுப் பட்டியலைப் பாருங்கள்: ஜனவரியில் புத்தாண்டு, மார்ச் 3ஐ ஒட்டிப் பெண் குழந்தைகளுக்கான பொம்மை விழா, மே 5ஐ ஒட்டிக் குழந்தைகள் நாள், ஜூலையில் தனபத்தா, ஆகஸ்ட் வாக்கில் முன்னோர்களுக்கான ஓபொன், அப்புறம் நிலா பார்த்தல். ஜப்பானில் இருப்பதுபோலவே. பிரச்சினை என்னவென்றால், ஜப்பானிலேயே இந்தத் தேதிகள் இடம் பெயர்ந்தவை.

ஜப்பான் பல நூற்றாண்டுகளாக நிலவையும் சூரியனையும் சேர்த்துக் கணக்கிடும் நாட்காட்டியில் இருந்தது. மெய்ஜி அரசு அதை ஒரே வீச்சில் மாற்றியது. பழைய கணக்கில் மெய்ஜி 5ஆம் ஆண்டு பன்னிரண்டாம் மாதம் இரண்டாம் நாள் இரவு தூங்கப் போனவர்கள், 1873 ஜனவரி 1 அன்று எழுந்தார்கள். மறு வருஷம் பழைய கணக்குப்படி பதின்மூன்று மாதம் வந்திருக்க வேண்டும். அரசு ஊழியர்களுக்கு ஒரு மாதச் சம்பளம் மிச்சம் பிடிக்கத்தான் இந்த அவசரம் என்று ஒரு காரணம் பரவலாகச் சொல்லப்படுகிறது. (எந்த ஊராக இருந்தாலும் நிதித் துறையின் மூளை ஒரே மாதிரிதான் வேலை செய்கிறது.)

சாப்ட்வேர்க்காரன் என்பதால் எனக்கு இது டேட்டா மைக்ரேஷனாகத்தான் தெரிகிறது. எண்களை அப்படியே வைத்துக்கொண்டு, அந்த எண்கள் எதைச் சுட்டினவோ அதை மாற்றிவிட்டார்கள். மூன்றாம் மாதம் மூன்றாம் நாள் பீச் பூக்களின் விழா. பழைய கணக்கில் அது மார்ச் கடைசியிலோ ஏப்ரலிலோ வரும், பீச் பூத்திருக்கும். இப்போது மார்ச் 3, ஜப்பானின் பல பகுதிகளில் பூ வரவில்லை, கடையில் வாங்கித்தான் வைக்க வேண்டும். ஐந்தாம் மாத மழை என்ற பொருள் தரும் சொல் ஒன்று ஜப்பானிய மொழியில் உண்டு. அது குறிப்பது ஜூன் மழைக்காலத்தை. சொல் பழைய மாதத்திலேயே நின்றுவிட்டது.

அதிகம் அடிபட்டது தனபத்தா. பழைய ஏழாம் மாதம் ஏழாம் நாள் பெரும்பாலும் ஆகஸ்டில் வரும். மழைக்காலம் முடிந்து வானம் தெளிந்திருக்கும். ஏழாம் நாள் என்பதால் பாதி நிலா மேற்கே இருக்கும், நள்ளிரவை ஒட்டி அது மறைந்ததும் நட்சத்திரங்களுக்கு முழு இருட்டு. அந்த நாளைத் தேர்ந்தெடுத்தவர்கள் வானத்தைப் பார்த்துத் தேர்ந்தெடுத்திருக்கிறார்கள். ஜூலை 7க்குத் தள்ளியதும் விழா மழைக்காலத்தின் நடுவில் போய் விழுந்தது. தோக்கியோவில் ஜூலை மாதச் சராசரி மழை 150 மில்லிமீட்டருக்கும் மேல். காதலர்கள் சந்திக்கும் இரவில் அநேகமாக மேகம்தான். இது அங்கேயும் உறுத்தியிருக்கிறது. செண்டாய் நகரம் தன் புகழ்பெற்ற தனபத்தாவை ஒரு மாதம் தள்ளி ஆகஸ்ட் 6 முதல் 8 வரை கொண்டாடுகிறது. ஜப்பானின் தேசிய வானியல் ஆய்வகம் 2001 முதல் 'மரபான தனபத்தா' எந்த நாள் என்று வருஷாவருஷம் கணக்கிட்டு வெளியிடுகிறது. 2024இல் அது ஆகஸ்ட் 10. 2025இல் இடையில் ஒரு அதிக மாதம் வந்ததால் ஆகஸ்ட் 29.

இப்போது போர்ட்லண்டுக்குத் திரும்புவோம். இங்கே மழை அக்டோபரில் தொடங்கி மே வரை பெய்யும். ஜூலை முழுவதும் பெய்வது சராசரியாக அரை அங்குலம். ஜப்பானில் மழைக்காலத்தில் செழிக்கும் பாசி, இங்கே குளிர்காலத்தில் பளபளக்கிறது, கோடையில் தண்ணீர் காட்டிக் காப்பாற்ற வேண்டியிருக்கிறது. அதாவது தோட்டக்காரர்கள் இந்த ஊர்ப் பருவத்தைத் தினமும் படித்துத்தான் வேலை செய்கிறார்கள். விழாப் பட்டியல் மட்டும் படிக்கவில்லை. வேடிக்கை என்னவென்றால், 1873இல் தேதி தவறிப்போன தனபத்தாவுக்கு ஜப்பானில் கிடைக்காத தெளிந்த ஜூலை வானம் போர்ட்லண்டில் சும்மா கிடைக்கிறது. அதிர்ஷ்டம் வாசலில் வந்து நிற்கிறது, வாசலை மூடிவிடுகிறோம்.

ஒரு எதிர்வாதத்தை நானே சொல்லிவிடுகிறேன். தனபத்தாவில் இன்று நட்சத்திரமா முக்கியம்? ஜப்பானிலும் ரயில் நிலையத்திலும் கடைவீதியிலும் மூங்கிலை நட்டுவைத்து, போகிற வருகிறவர்கள் சீட்டு எழுதிக் கட்டுகிறார்கள். ஆசைதான் விழா. பாதி ஒத்துக்கொள்கிறேன். அந்த மூங்கிலின் கீழே நின்று நானும் ஒரு சீட்டு எழுதினேன், தமிழில். என் அம்மாவின் மூட்டுவலியைப் பற்றி. மத்தியான வெயிலில் எழுதியதால் அந்த ஆசையின் எடை ஒன்றும் குறையவில்லை. ஆனால் ரயில் நிலையம் தன்னைத் தோட்டம் என்று சொல்லிக்கொள்வதில்லை. பருவத்தைப் பார்க்கப் பழக்குவதுதான் தன் வேலை என்று ரயில் நிலையம் சொல்வதில்லை. தோட்டம் சொல்கிறது.

இதே தோட்டத்தில் சரியாக நடக்கும் விழா ஒன்று இருக்கிறது. நிலா பார்த்தல், ஓ-ட்சுகிமி. பழைய எட்டாம் மாதம் பதினைந்தாம் நாள். மெய்ஜி அரசால் கை வைக்க முடியாமல் போனது இதில்தான். ஆகஸ்ட் 15 என்று தேதியை ஒட்டவைத்தால் அன்று நிலா இருக்க வேண்டுமே! எனவே ஜப்பானிலும் இது இன்னும் நிலாவையே பின்தொடர்கிறது. தோட்டமும் இலையுதிர்காலத் தொடக்கத்தில் முழுநிலாவை ஒட்டிய இரவுகளில் கதவைத் திறந்துவைக்கிறது. தனிச் சீட்டு வாங்க வேண்டும். தேநீர், சாக்கே, இசை எல்லாம் உண்டு. கிழக்குத் தாழ்வாரத்தில் உட்கார்ந்தால் கீழே நகரத்து விளக்குகள், அவற்றுக்கு அப்பால் ஹூட் மலை இருக்கும் திசை. அங்கிருந்து நிலா ஏறும்.

அந்த இரவில் எனக்குப் பிடித்தது நிலாவைவிட, அது வருவதற்கு முந்தைய இருபது நிமிஷம். நிகழ்ச்சி நிரலில் இருப்பதெல்லாம் நடந்துகொண்டிருக்கும், ஆனால் எல்லாரும் ஓரக்கண்ணால் கிழக்கையே பார்த்துக்கொண்டிருப்பார்கள். மலைப்பக்கம் மேகம் இருந்தால் தாமதமாகும். யாரும் ஒன்றும் செய்ய முடியாது. ஒரு நிறுவனம் தன் கைக்கு அடங்காத ஒன்றுக்காகக் காத்திருப்பதைப் பார்ப்பது அபூர்வம். அங்கே யாரும் ஜப்பானைப் பார்க்கவில்லை, போர்ட்லண்டின் நிலாவைத்தான் பார்க்கிறார்கள். பார்க்கிற முறை மட்டும் ஜப்பானிலிருந்து வந்தது.

இங்கேதான் அந்தச் சுவர் ஞாபகம் வருகிறது. சுவரின் கல் ஜப்பானியக் கல் இல்லை. கிழக்கு ஓரிகனில் பேக்கர் சிட்டி பக்கத்தில் வெட்டிய கருங்கல். அடுக்கும் அறிவு ஜப்பானுடையது, கல் இந்த மண்ணுடையது. தேநீர் வீடு வேறு மாதிரி, முழுசாகக் கப்பலில் வந்தது. நிலா விழா சுவரைப் போல. தனபத்தா, குழந்தைகள் நாள் எல்லாம் இப்போதைக்குத் தேநீர் வீடு மாதிரி, தேதியோடு பெட்டியில் வந்து இறங்கியவை.

குழந்தைகள் நாளைப் பற்றிச் சொல்வதற்கு எனக்குக் கொஞ்சம் தயக்கம்தான். சொல்லாமல் விட்டால் இந்தக் குறிப்பு வெறும் வானியல் குறும்பாகப் போய்விடும்.

இந்த நகரத்தின் வடமேற்குப் பகுதியில் ஒரு காலத்தில் நிஹொன்மாச்சி, ஜப்பானியர் தெரு, இருந்தது. கடைகள், விடுதிகள், குளியல் வீடுகள். 1942 வசந்தத்தில் அமெரிக்க ராணுவம் ஜப்பானிய வம்சாவளியினரை மேற்குக் கரையிலிருந்து அப்புறப்படுத்தியது. போர்ட்லண்டில் இருந்தவர்களுக்குக் கெடு, மே 5 நண்பகல். கையில் தூக்க முடிந்ததை எடுத்துக்கொண்டு போன இடம் நகரத்தின் வடக்கு ஓரத்தில் இருந்த கால்நடைக் கண்காட்சிக் கட்டடம். தொழுவங்களின் மேல் பலகை அடித்து, தட்டி கட்டி, குடும்பம் குடும்பமாக அடைத்தார்கள். ஒரு கட்டத்தில் 3,600 பேருக்கும் மேல். அந்தச் செப்டம்பர் வரை அங்கே இருந்தார்கள், பிறகு உள்நாட்டு முகாம்களுக்கு ரயில்.

மே 5. ஜப்பானிய நாட்காட்டியில் ஐந்தாம் மாதம் ஐந்தாம் நாள், அப்போது ஆண் குழந்தைகளின் நாள். வீட்டு வாசலில் மீன் கொடி ஏற்றும் நாள். 1948இல்தான் அது ஜப்பானில் எல்லாக் குழந்தைகளுக்குமான பொது விடுமுறையானது. இரண்டு தேதிகளும் ஒன்றானது தற்செயல்தான், உத்தரவு போட்டவர்களுக்கு அந்த நாளின் அர்த்தம் தெரிந்திருக்க வேண்டிய அவசியம் இல்லை. ஆனால் மே மாதம் வாஷிங்டன் பூங்காவின் மேட்டில் காற்றில் நீந்தும் மீன் கொடிகளைப் பார்க்கிறபோது, இந்த நகரத்தில் அந்தத் தேதிக்கு இன்னொரு முகம் இருக்கிறது என்று தெரிந்தவனுக்குக் கொடி வேறு மாதிரி தெரிகிறது.

தோட்டம் வரையப்பட்டது அதற்குச் சரியாக இருபத்தோரு வருஷம் கழித்து. போர் முடிந்தபின் இரண்டு நாடுகளுக்கிடையே சமாதானத்தின் அடையாளம் என்ற எண்ணத்தில் செய்தது. நல்ல எண்ணம்தான், சந்தேகமில்லை. ஆனால் இரண்டு நாடுகள் சமாதானமாவது வேறு, ஒரு நகரம் தன் சொந்த ஜனத்திடம் சமாதானமாவது வேறு. விழாப் பட்டியல் முதலாவதையே பேசுகிறது. அதில் இருப்பது ஜப்பானின் ஆண்டு. போர்ட்லண்ட் ஜப்பானியர்களின் ஆண்டைத் தேடினால் மலையிறங்கி நகரத்துக்குள் போக வேண்டும்.

போனால் கிடைக்கும். ஆற்றங்கரையில் ராபர்ட் முரசே வடிவமைத்து 1990இல் திறந்த ஜப்பானிய அமெரிக்க வரலாற்றுச் சதுக்கம் இருக்கிறது. கற்களில் கவிதைகள், முகாம்களின் பெயர்கள். பக்கத்தில் வரிசையாகச் செர்ரி மரங்கள். மார்ச் கடைசியில் நகரமே அங்கேதான் நிற்கும், இலவசம் வேறு. மார்ச் 28 ஓரிகனில் மினோரு யசூயி நாள். ஜப்பானிய வம்சாவளியினருக்கு மட்டும் விதித்த இரவு ஊரடங்கை 1942இல் அதே தேதியில் வேண்டுமென்றே மீறி, போர்ட்லண்ட் தெருக்களில் நடந்து, காவல் நிலையத்தில் தன்னைத்தானே ஒப்படைத்துக்கொண்ட வழக்கறிஞர் அவர். செர்ரி பூக்கும் வாரமும் அவர் நடந்த நாளும் இந்த நகரத்தில் ஒட்டிக்கொண்டே வருகின்றன. இதைவிட உண்மையான 'போர்ட்லண்ட் ஜப்பானியப் பருவம்' ஒன்று இருக்கிறதா என்று எனக்குத் தெரியவில்லை.

ஓபொன் விஷயத்திலும் இதே இரட்டை. தோட்டத்தில் இறந்தவர்களை நினைத்துக் குளத்தில் சிறு விளக்குகள் மிதக்கவிடும் மாலை ஒன்று உண்டு. மௌனம், இருட்டு, தண்ணீர். அழகு. ஊருக்குள் 1903இல் தொடங்கிய ஓரிகன் பௌத்தக் கோவிலின் ஓபொன் வேறு மாதிரி. தெருவில் பாய்ச்சல், தாளம், சாப்பாட்டுக் கடை, கிழவிகளும் பேரப்பிள்ளைகளும் ஒரே வட்டத்தில் ஆடுவது. நடன அசைவு தெரியாதவன் முன்னால் ஆடுபவரைப் பார்த்து ஆடிக்கொள்ளலாம். நானும் ஆடினேன், என் மகள் வீடியோ எடுத்து வைத்திருக்கிறாள், அதை இங்கே போடப் போவதில்லை. எது அசல் என்று கேட்டால் எனக்கு இரண்டாவதுதான். முதலாவது பார்ப்பதற்கு ஜப்பான் மாதிரி இருக்கிறது. இரண்டாவது, ஆடுபவர்களின் தாத்தா பாட்டிகளுடையது.

தோட்டத்தை மட்டம் தட்டுவது என் நோக்கம் இல்லை. பட்டியலில் இல்லாத ஒரு விழா அங்கே தானாக நடக்கிறது, அதற்காகவே வருஷாவருஷம் போகிறேன். அக்டோபர் கடைசியில் ஒரு சின்ன மேப்பிள் மரம் நெருப்பாகச் சிவக்கும். ஆள் உயரம்தான் இருக்கும், கிளைகள் நெளிந்து நெளிந்து குடை மாதிரி கவிந்திருக்கும். உலகம் முழுக்கப் பலர் கணினித் திரையில் பார்த்த மரம். அதைப் படம் எடுக்கக் காலையிலேயே வரிசை. பெரிய மனிதர்கள் எல்லாம் மண்டியிட்டு, சிலர் படுத்து, அண்ணாந்து கிளைகளுக்குள் லென்ஸை நீட்டுவார்கள். எந்த வாரம் சிவக்கும் என்பதை மரம்தான் முடிவு செய்யும். தோட்டத்தின் இன்னொரு மூலையில், காட்டுப் பாதை மாதிரி விட்டிருக்கும் பகுதியில், ஓரிகனின் சொந்த மரமான கொடி மேப்பிளும் அதே நாட்களில் நிறம் மாறும். ஜப்பானிய மேப்பிள்களின் உட்குழுவில் ஆசியாவுக்கு வெளியே வளரும் ஒரே இனம் அது. கடலுக்கு இந்தப் பக்கம் ஆதியிலேயே இருந்த ஒன்றுவிட்ட தம்பி. அதன் முன்னால் வரிசை இல்லை.

மகளின் கேள்விக்குப் பதில் தேடி ஒரு ராத்திரி உட்கார்ந்து பைத்தானில் நாற்பது வரி எழுதினேன், பழைய கணக்கில் தனபத்தா எந்த நாள் என்று பார்க்க. 2026க்கு ஓட்டினேன். ஜப்பானிய ஆய்வகக் கணக்குப்படி ஆகஸ்ட் 19 வர வேண்டும், எனக்கு 18 வந்தது. பிழை என்று நினைத்து ஒரு மணி நேரம் தேடினேன். பிழை இல்லை, நேர மண்டலம். அந்த மாத அமாவாசை ஜப்பானில் ஆகஸ்ட் 13 விடியற்காலையில் நிகழ்கிறது. அதே கணம் போர்ட்லண்டில் ஆகஸ்ட் 12 காலை பத்தரை. அமாவாசை நாளை ஒன்று என்று வைத்து ஏழு எண்ணினால் அங்கே 19, இங்கே 18. அதே முறை, அதே நிலா, ஊருக்கு ஊர் வேறு நாள்.

அன்று சூரியன் எட்டு மணி சுமாருக்கே மறைந்துவிடும். இரவு பத்து மணிக்கு வேகா போர்ட்லண்டில் ஏறக்குறைய தலைக்கு நேர் மேலே நிற்கும், தெற்கே கொஞ்சம் இறங்கி ஆல்டேர். நகர வெளிச்சத்தில் நடுவிலுள்ள ஆறு தெரியாது, ஆனால் இரண்டு கரையும் தெரியும். நிலா விழாவுக்குக் கதவைத் திறந்துவைக்கத் தெரிந்தவர்களுக்கு இந்த ஒரு இரவையும் திறந்துவைப்பது பெரிய விஷயமா என்று கேட்டுத் தோட்டத்துக்கு ஒரு கடிதம் எழுதி வைத்திருக்கிறேன். அனுப்புவதற்கு முன் மகளிடம் படித்துக் காட்டினேன். கடைசியில் ஒரு வரி சேர்க்கச் சொன்னாள்: சீட்டில் எழுத டார்ச் லைட் நாங்களே கொண்டுவருவோம் என்று.